ஜீப்பில் ஐந்தாவது ஆள்: போஜோ ஆங் சான் கொலையில் யார் சொன்னதை எவ்வளவு நம்புவது?

ஜூலை 19, பகல் 12.10 (தாம்வே தம்பியின் கேள்வி)

அண்ணே, இன்று ஆசானி நாள், பர்மாவின் விடுதலைத் தலைவர் போஜோ (தளபதி) ஆங் சானையும் கூட இருந்தவர்களையும் சுட்டுக் கொன்றதை நினைக்கும் தியாகிகள் நாள். 10.37க்குச் சங்கு ஊதி முடிந்ததும் எங்கள் வீட்டில் பழைய பேச்சு தொடங்கிவிட்டது. அப்பாவின் அப்பா 1947இல் ரங்கூன் ஸ்பார்க்ஸ் தெருவில், செக்ரட்டேரியட் பக்கம், வெற்றிலைக் கடை போட்டிருந்தார். சுட்டுவிட்டுப் பறந்த ஜீப்பைக் கண்ணால் பார்த்தவர். சுட்டவர்கள் நான்கு பேர் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். தாத்தாவோ ஐந்தாவதாக ஒரு வெள்ளைக்காரரும் ஜீப்பில் இருந்தார் என்று சாகும்வரை சொன்னாராம். நேரில் பார்த்த சாட்சி இருக்கும்போது, வெள்ளைக்காரனுக்கு இதில் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது? நீங்கள் கோர்ட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர், சொல்லுங்கள்.

ஜூலை 19, மாலை 4.30

முதலில் ஒன்று. வெள்ளைக்காரனுக்குப் பங்கில்லை என்று நான் எங்கும் எழுதவில்லை. பங்கு எதில், எவ்வளவு என்பதுதான் வழக்கு.

நான் வக்கீல் இல்லை. வக்கீலுக்குக் கட்டுத் தூக்கிய குமாஸ்தா. நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றே காலத்தை ஓட்டியதால் சாட்சிகளை முகத்துக்கு நேராகப் பார்த்த பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தில் மூன்று கேள்வி கேட்கிறேன். தாத்தா எங்கே நின்றார்? முதன்முதலில் எப்போது, யாரிடம் சொன்னார்? நீ அதை அவர் வாயால் கேட்டாயா, அப்பா வாயால் கேட்டாயா?

"கண்ணால் காண்பதும் பொய்" என்ற பழமொழியை இங்கே கொண்டுவந்து கொட்டக் காத்திருப்பவர்கள் தயவுசெய்து வேறு வேலை பார்க்கவும். கண்ணால் காண்பது பொய் என்றால் உலகத்தில் ஒரு வழக்கும் நடக்காது.

ஜூலை 19, இரவு

தெரியாத பிள்ளைகளுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1947 ஜூலை 19, சனிக்கிழமை. ரங்கூன் செக்ரட்டேரியட்டில் (அரசுத் தலைமைச் செயலகம்) ஆங் சான் தலைமையில் நிர்வாகக் கவுன்சில், அதாவது அன்றைய அமைச்சரவை, கூட்டம். பட்டாளத்து உடுப்பில் ஜீப்பில் வந்தவர்கள் மாடியேறிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சுட்டார்கள். ஆங் சான், அவருடைய அண்ணன் பா வின், தக்கின் மியா, பா சோ, மான் பா கைங், ஊ ரசாக் ஆகியோர் செத்தார்கள். அறிக்கை ஒன்றைக் கொடுக்க அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த ஓன் மாங் என்ற அதிகாரியும் செத்தார். குண்டு பட்ட மோங்பொன் சாவ்பா (ஷான் சிற்றரசர்) மறுநாள் இறந்தார். ரசாக்கின் மெய்க்காவலர் கோ ட்வே, வயது 18, சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்து குண்டு வாங்கினார். மொத்தம் ஒன்பது உயிர்.

அன்றே ஊ சோவின் ஏரிக்கரை வீட்டைப் போலீஸ் வளைத்தது. ஊ சோ யார் என்றால் 1940 முதல் 1942 வரை பிரதமராக இருந்தவர். ஜப்பானியரோடு தொடர்பு வைத்தார் என்று பிரிட்டிஷார் பிடித்து உகாண்டாவில் அடைத்து வைத்திருந்து 1946இல் விட்டார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் அவர் காரின் மேல் யாரோ சுட்டுக் கண் பக்கம் காயம். சுட்டது ஆங் சான் ஆட்கள்தான் என்று அவர் நம்பினார். 1947 ஜனவரியில் லண்டனில் பிரிட்டிஷ் பிரதமர் ஆட்லியோடு ஆங் சான் போட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்த இருவரில் ஒருவரும் இவர்தான். பகைக்குப் பஞ்சமில்லை.

மூன்று பேர் கொண்ட தனி நீதிமன்றம் விசாரித்து அந்த ஆண்டு டிசம்பர் 30இல் ஊ சோவுக்கும் மற்ற எட்டுப் பேருக்கும் தூக்குத் தண்டனை கொடுத்தது. சிலருக்குப் பிறகு குறைத்தார்கள். ஊ சோவை 1948 மே 8இல் இன்செயின் சிறையில் தூக்கிலிட்டார்கள்.

இந்த வழக்குக்கு முதுகெலும்பு ஒரு அப்ரூவர். பெயர் பா நியுன். கூட இருந்து சதி செய்து, மன்னிப்பு வாங்கிக்கொண்டு, கூட இருந்தவர்களுக்கு எதிராகக் கூண்டில் ஏறியவர். தம்பியின் தாத்தாவை விட இவரைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் கீழே போய்விடலாம்.

ஜூலை 20

சோலியா பள்ளிவாசல் பக்கத்திலிருந்து பாய் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ரசாக்கை ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே." நியாயம்தான். ஊ ரசாக் மெய்க்தீலாக்காரர். அத்தா தமிழ் முஸ்லிம், போலீஸ் இன்ஸ்பெக்டர். அம்மா பர்மியப் பெண். மாந்தலேயில் தேசியப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து அரசியலுக்கு வந்து, கல்வி அமைச்சராக அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார். ஆசானி நாளன்று நம்ம பள்ளிவாசல் பெரியவர்கள் அவருக்காகத் துஆ கேட்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் ரசாக் பற்றித் தனி இழை போடுங்கள் பாய், நான் வந்து எழுதுகிறேன்.

பாய் கேட்ட இன்னொரு கேள்வி இந்த இழைக்குப் பொருந்தும். அறைக்குள் இருந்து பிழைத்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களை விடப் பெரிய சாட்சி யார்?

சுட்டவர்கள் "எழுந்திருக்காதே" என்று கத்தினார்கள், போஜோ எழுந்தார், முதல் குண்டு அவருக்கு என்பது பரவலாக வரும் செய்தி. இதுபோன்ற விஷயத்துக்கு அறைக்குள் இருந்தவர்தான் சாட்சி. ஆனால் சுட்டவனின் முகம்? துப்பாக்கி எதிரே நீட்டியிருக்கும்போது மனுஷன் கண் குழாய் வாயைத்தான் பார்க்கும், மூக்கையும் மீசையையும் பார்க்காது. மனநூல்காரர்கள் இதைச் சோதனை செய்தே சொல்லியிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் விழுந்தவருக்குத் தெரிந்தது பூட்ஸ். அறைக்குள் இருந்தவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அனுப்பியது யார் என்று சொல்ல அவரால் முடியவே முடியாது. உடந்தையைப் பற்றிப் பேச, உடந்தையாக இருந்தவன்தான் வரவேண்டும். சதி வழக்கின் தொல்லையே அதுதான்.

ஜூலை 20, இன்னும் கொஞ்சம்

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருவர் கேட்டார். 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம்தான் அன்றும் இங்கே, அதே சட்டம்தான் இந்தியாவிலும் இருந்தது. அதில் ஒரு வேடிக்கை. 133ஆம் பிரிவு, உடந்தைக்காரன் சாட்சி சொல்லத் தகுதி உள்ளவன்தான், அவன் பேச்சை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் சட்டவிரோதம் இல்லை என்கிறது. 114ஆம் பிரிவில் வரும் எடுத்துக்காட்டோ, முக்கியமான விவரங்களில் வேறு சான்று துணைக்கு வராவிட்டால் உடந்தைக்காரன் நம்பத்தகாதவன் என்று கோர்ட்டு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஒரு கை கதவைத் திறக்கிறது, இன்னொரு கை தாழ்ப்பாளைப் போடுகிறது. நீதிபதிகள் இரண்டையும் சேர்த்துப் படித்துச் செய்துகொண்ட வழக்கம் இது: நம்பலாம், ஆனால் தனியாக நம்பாதே. அதுவும் பொதுவாக "நடந்தது உண்மை" என்று காட்டும் சான்று போதாது. இந்தக் குறிப்பிட்ட ஆளை அந்தக் குற்றத்தோடு கட்டும் சான்று வேண்டும். ஆள் ஆளாக. ஐந்து பேரைப் பற்றிச் சொன்னால் ஐந்து பேருக்கும் தனித்தனியாக.

ஊ சோவுக்கு அந்தச் சான்று இருந்தது. வீட்டை ஒட்டிய ஏரித் தண்ணீருக்குள்ளிருந்து ஆயுதங்களை எடுத்தார்கள். அப்ரூவர் பொய்யன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏரி பொய் சொல்லாது.

ஜூலை 21

"ரங்கூனில் ஜூலை மாதம் அடைமழை. தம்பியின் அப்பா சொன்ன கதையில் வெயில் கொளுத்துகிறது. எனவே தாத்தா கதை முழுப் பொய்" என்று ஒரு துப்பறியும் சிங்கம் எழுதியிருக்கிறது.

சிங்கமே, ஜூலையிலும் நடுவில் வெயில் அடிக்கும், வெளியே வந்து பாரும். அதை விடும். ஓரத்தில் இருப்பதைத் தப்பாகச் சொன்னவன் நடுவில் இருப்பதையும் தப்பாகத்தான் சொல்வான் என்பது விதி இல்லை. சட்டை நிறத்தை மாற்றிச் சொன்ன சாட்சி, குத்தியவனைச் சரியாகக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் அச்சுப் பிசகாமல் சொல்லும் சாட்சி வந்தால்தான் எங்கள் வக்கீல் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தார் என்றால் குறுக்கு விசாரணை நீளும் என்று எங்களுக்குத் தெரியும். யாரையாவது அனுப்பி டீ சொல்லிவிடுவோம்.

ஜூலை 22

இன்று அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனேன். ஸ்பார்க்ஸ் தெரு இப்போது போ ஆங் ஜோ தெரு. செக்ரட்டேரியட்டின் மேற்குப் பக்கம் அது. எதிர் நடைபாதையில் ஒரு குவான் கடைக்காரர் குடைக்கு அடியில் உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் நின்று போகிற வண்டிகளைப் பார்த்தேன். ஆள் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. தொப்பி போட்டவரா இல்லையா என்பது தெரிகிறது. முழங்கை தெரிகிறது. முன் சீட்டில் இருப்பவர் நம்ம ஊர்க்காரரா வெளியூர்க்காரரா என்று கேட்டால், வண்டி சிக்னலில் நின்றால் சொல்லலாம், ஓடினால் முடியாது. கடைக்காரரிடம் கேட்டேன். அவர், "காசு குடுக்கிற கையத்தான் பாப்பேன், முகத்த யாரு பாக்குறா" என்றார் பர்மியத்தில்.

இப்போது அங்கே போக்குவரத்து நெரிசல், அன்று இல்லை. ஜீப் திறந்த வண்டி, இன்றைய கார் மூடியது. இரண்டும் தாத்தாவுக்குச் சாதகம். சுட்டுவிட்டு ஓடும் ஜீப் வேகமாகப் போயிருக்கும். அது பாதகம். சத்தம் கேட்ட பிறகு நிமிர்ந்தாரா, முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாரா? அதில்தான் விஷயம் இருக்கிறது. தம்பி, இதற்கும் பதில் வேண்டும்.

ஜூலை 24

அப்ரூவர் பேச்சுக்கு வருகிறேன்.

பல வருஷம் முன்பு நகைக்கடைத் திருட்டு ஒன்றில் அப்ரூவர் கூண்டில் ஏறியதைப் பார்த்தேன். கடை பெயரெல்லாம் வேண்டாம். நடுத்தர வயது ஆள், லுங்கியை அடிக்கடி அவிழ்த்துக் கட்டிக்கொண்டே பேசுவார். பூட்டை எப்படித் திறந்தேன் என்று சொல்லும்போது இரண்டு கையும் காற்றில் பூட்டைத் திறந்தன. கட்டை விரல் எங்கே அழுத்தியது என்பதுவரை காட்டினார். "திட்டம் போட்டவர் யார்?" என்று கேட்டதும் கைகள் இரண்டும் கூண்டின் கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டன. வாய் மட்டும் ஒரு பெயரைச் சொன்னது. போலீஸ் காகிதத்தில் இருந்த அதே வரிசையில், அதே சொற்களில்.

அப்ரூவரின் சாட்சியம் ஒன்று அல்ல, இரண்டு. தான் செய்ததைச் சொல்லும் பாதி ஒன்று. மற்றவன் செய்ததைச் சொல்லும் பாதி இன்னொன்று. முதல் பாதியில் அவன் தன் கழுத்தையே நீட்டுகிறான், பொய் சொல்லக் காரணம் குறைவு. இரண்டாம் பாதிதான் அவன் மன்னிப்புக்குக் கொடுக்கும் விலை. சட்டப்படி அவன் தெரிந்தது முழுவதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், பின்வாங்கினால் மன்னிப்புப் பறிபோகும். அதாவது போலீஸிடம் முதலில் ஒரு பெயரை ஊதிவிட்டால், அது பொய்யாக இருந்தாலும் கோர்ட்டில் திரும்ப எடுக்க முடியாது. மெய் சொல்ல வைக்கப் போட்ட கட்டு, முதல் பொய்யையும் சேர்த்துக் கட்டிவிடும்.

பா நியுன் விஷயத்திலும் இப்படியே பிரியுங்கள். யார் யார் வீட்டில் இருந்தார்கள், யார் கிளம்பினார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்பதெல்லாம் அவர் நின்ற இடத்திலிருந்து தெரியும். ஊ சோவுக்கு மேலே யாராவது இருந்தார்களா என்பது அந்தக் கூடத்தில் நின்றவருக்கு எப்படித் தெரியும்? ஊ சோ சொன்னால்தான் தெரியும். அப்போது அது பா நியுன் கண்டது இல்லை, ஊ சோ சொன்னது. ஊ சோ ஆட்களுக்குத் தைரியம் கொடுக்க "நமக்குப் பின்னால் பெரிய கை இருக்கிறது" என்று சொல்லியிருக்கவும் கூடும். தலைவர்கள் அப்படிச் சொல்வது வழக்கம்தானே.

ஜூலை 25

நேற்று எழுதியதைப் படித்தேன். கை பேசியது, வாய் பேசியது என்பது கேட்க அழகாக இருக்கிறது. எந்த அளவுக்கு நிற்கும்? பூட்டு திறப்பது கைவேலை, அதைச் சொல்லும்போது கை ஆடும். பெயர் சொல்வது கைவேலை இல்லை. உண்மையான பெயரைச் சொன்னாலும் கை சும்மாதான் இருக்கும். அந்த நகைக்கடை வழக்கில் அவர் சொன்ன பெயர் சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அந்த ஆள் விடுதலையானார் என்பது மட்டும் தெரியும். ஆகவே கையை விட்டுவிடுங்கள். இரண்டு பாதி என்ற பிரிவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாதியில் கழுத்தை நீட்டுகிறான் என்பதிலும் ஒரு ஓட்டை. மன்னிப்புக் கையில் வந்த பிறகு கழுத்துக்கு ஆபத்து இல்லையே? அப்போது தன் பங்கைச் சின்னதாக்கிக்கொள்ளலாம். "நான் கூடப் போனேன், ஆனால் சுடவில்லை" என்று சொல்லாத அப்ரூவரை யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

சுட்டவர்களில் ஒருவரே வாக்குமூலம் கொடுத்து மற்றவர்களையும் இழுத்திருந்தால் அது அப்ரூவருக்குத் துணைச் சான்று ஆகாதா என்று ஒருவர் கேட்டார். கூட்டு விசாரணையில் கணக்கில் எடுக்கலாம் என்று 30ஆம் பிரிவு சொல்கிறது, அவ்வளவுதான். சத்தியம் செய்து சொன்னதல்ல, குறுக்கு விசாரணைக்கு வராதது. 1949இல் புபோனி சாகு வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கறைபட்ட சாட்சிக்குக் கறைபட்ட சாட்சியே முட்டுக் கொடுக்க முடியாது.

ஜூலை 27

வெள்ளைக்காரர்கள். இதற்காகத்தான் பாதிப் பேர் இந்த இழைக்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

காகிதம் பேசுவதை முதலில் எடுக்கிறேன். 1947 ஜூனில், ராணுவ ஆயுதக் கிடங்கிலிருந்து போலிக் காகிதம் காட்டி 200 பிரென் இயந்திரத் துப்பாக்கிகளை வண்டியில் ஏற்றிப் போனார்கள். பர்மா போலீஸுக்கு ஆயுத ஆலோசகராக இருந்த கேப்டன் டேவிட் விவியன் ஊ சோவுக்கு ஆயுதம் கிடைக்க உதவினார் என்று தண்டனை பெற்றார். ஐந்து வருஷம். 1949இல் கரேன் கிளர்ச்சிக்காரர்கள் இன்செயினைப் பிடித்தபோது வெளியே வந்துவிட்டார். வேறு அதிகாரிகளும் பிடிபட்டார்கள். பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த பிங்லிக்கு ஊ சோ சிறையிலிருந்து கடிதம் எழுதினார். பிங்லி நாட்டை விட்டுப் போய்விட்டார், எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. ஐம்பதாம் ஆண்டில், 1997இல், பிபிசி இதையெல்லாம் படமாக்கிக் காட்டியது.

இப்போது நிறுத்துப் பாருங்கள். ஆயுதம் கைமாறியதற்குக் காகிதம் இருக்கிறது, ஆயுதம் இருக்கிறது, தண்டனை இருக்கிறது. இதற்கு வெற்றிலைக் கடைத் தாத்தா தேவையே இல்லை. ஆனால் எதற்கு என்று தெரிந்து கொடுத்தார்களா? பணத்துக்காகக் கள்ளத்தனமாக விற்றவனும் கொலைச் சதிக்காரனும் ஒருவன் ஆகிவிட மாட்டான். ஒன்பது பேரைக் கொல்ல 200 பிரென் எதற்கு? அவ்வளவு ஆயுதத்தைப் பார்த்தவன், சண்டைக்குப் படை சேர்க்கிறார் என்றுதான் நினைப்பான். விவியனுக்குக் கொலைக்காகத் தண்டனை கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

பிங்லிக்கு எழுதிய கடிதம்? தூக்குக் கயிறு எதிரே ஆடும்போது ஒருவர், வெளியே இருக்கும் பெரிய மனிதருக்கு உதவி கேட்டு எழுதுகிறார். நிஜமாகவே பங்காளி என்பதால் எழுதியிருக்கலாம், இழுத்துவிட்டால் காப்பாற்றுவார்கள் என்ற கணக்கிலும் எழுதியிருக்கலாம். கடிதம் இருக்கிறது என்பது மெய். கடிதம் காட்டும் உறவு மெய்யா என்பதற்கு பிங்லியைக் குறுக்கு விசாரணை செய்திருக்க வேண்டும். அவர் போனதைச் சந்தேகப்படலாம். சந்தேகத்துக்கு எடை உண்டு, ஆனால் அதைத் தராசில் தனித் தட்டில் வையுங்கள், சாட்சியத்தோடு கலக்காதீர்கள்.

கொடுத்தவனுக்குத் தெரியுமா என்ற இந்தக் கேள்வி நம் ஆட்களுக்குப் புதிதா? ராஜீவ் வழக்கில் பேரறிவாளன் இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பதுதான் பெரிய குற்றச்சாட்டு. வாக்குமூலத்தைப் பதிவு செய்த போலீஸ் அதிகாரியே ஓய்வு பெற்ற பிறகு, 2013இல், எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். ஒரு வாக்கியம். 2022இல் வெளியே வந்தார். காகிதத்தில் இருப்பதும் யாரோ எழுதியதுதான் என்பதை அந்த ஒரு வாக்கியம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

ஜூலை 29

தாம்வே தம்பி ஒருவழியாக அத்தையிடம் பேசிவிட்டு எழுதியிருக்கிறான். சாரம் இது. தாத்தா தன் பிள்ளைகளில் இந்த அத்தையிடம் மட்டும்தான் கடையில் வைத்து நேராகச் சொல்லியிருக்கிறார். அத்தை சொல்வதில் வெள்ளைக்காரர் இல்லை. "அஞ்சு பேரு, எல்லாம் பட்டாளத்து உடுப்பு, முன்னால இருந்தவன் துரை மாதிரி தொப்பி" என்பதுதான். வெள்ளைக்காரர் என்றது அப்பா.

இந்த இழையில் வந்ததிலேயே உருப்படியான வரி இதுதான். ஒன்று, மேலே ஏறிச் சுட்டவர்கள் நான்கு பேர் என்றுதான் கணக்கு. ஜீப்பை ஓட்ட ஒருவர் வேண்டாமா? ஓட்டியவர் தனி. அப்படியானால் தெருவில் நின்று பார்த்தவருக்கு ஐந்து தலைதான் தெரியும். எழுத்தில் வந்த நாலுக்கும் தாத்தா சொன்ன அஞ்சுக்கும் சண்டையே இல்லை. எண்ணிக்கையில் தாத்தா பேரில் எனக்கு இப்போது மரியாதை கூடிவிட்டது. செய்தித்தாளில் நாலு என்று படித்த பிறகும் அஞ்சு என்றே சொல்லிக்கொண்டிருந்தவர், படித்ததைச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார்.

இரண்டு, அந்த உடுப்பு. காவல்காரர்கள் தடுக்காமல் விட்டதே அந்த உடுப்புக்காகத்தான். யாரை ஏமாற்றத் தைத்துப் போட்டார்களோ, அது வேலை செய்திருக்கிறது. கடைக்குள் இருந்த தாத்தாவிடமும் வேலை செய்திருக்கிறது. 'துரை மாதிரி' என்பதிலிருந்த 'மாதிரி' எந்த வருஷம் விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆங்கிலேய அதிகாரிகள் பிடிபட்ட செய்தி 1947இலேயே ஊரெல்லாம் பேச்சு. 1997இல் மறுபடியும். அப்பா எந்தப் பேச்சில் இருந்து எடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பொய் சொன்னார் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தம்பி, அப்பாவோடு இதற்காகச் சண்டை போடாதே.

ஜூலை 30

"அத்தை சொல்வதை மட்டும் எப்படி நம்புகிறீர்கள், உங்கள் கட்சிக்குச் சாதகம் என்பதாலா?" என்று சிங்கம் திரும்பி வந்திருக்கிறது. நல்ல கேள்வி, முதல் தடவையாக.

அத்தையை நம்பக் காரணம் இரண்டு. நேராகக் கேட்டவர். அவர் சொல்வதில் சுவை குறைவு. திரும்பத் திரும்பச் சொல்லும் கதையில் மசாலா ஏறுமே தவிர இறங்காது. ஆனாலும் அத்தைக்கும் வயதாகிவிட்டது. 1948 செப்டம்பரில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஊ டின் டுட்டையும் ரங்கூனிலேயே காரில் குண்டு வைத்துக் கொன்றார்கள். ஒரே வட்டாரத்தில் இரண்டு வருஷத்தில் இரண்டு பெரிய கொலை பார்த்த குடும்பத்தில் ஒன்றின் தொப்பி இன்னொன்றின் தலையில் ஏறியிருக்காது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. (ஊ சோவை விசாரித்த தனி நீதிமன்றத்தின் தலைவர் ச்சோ மியின், இந்த டின் டுட்டின் உடன்பிறந்தவர். ரங்கூன் அன்று அவ்வளவு சின்ன ஊர்.)

ஆகஸ்ட் 2

காந்தி கொலை வழக்கோடு ஒப்பிடச் சொல்லி இருவர் கேட்டார்கள். ஊ சோ தீர்ப்புக்கு ஒரு மாதம் கழித்து நடந்த கொலை. அதே சாட்சியச் சட்டம், அங்கேயும் ஒரு அப்ரூவர், புனேயில் ஆயுதம் விற்ற திகம்பர் பட்கே. செங்கோட்டையில் நீதிபதி ஆத்மா சரண் விசாரித்தார்.

1948 ஜனவரி 17இல் பம்பாயில் சாவர்க்கர் வீட்டுக்குக் கோட்சே, ஆப்தேயோடு போனதாகப் பட்கே சொன்னார். அவர்கள் மாடிக்குப் போனார்கள், பட்கே கீழே இருந்தார். இறங்கி வரும்போது பின்னாலேயே வந்த சாவர்க்கர் "வெற்றியோடு வாருங்கள்" என்று சொன்னது காதில் விழுந்ததாகச் சாட்சியம். மாடியில் என்ன பேசினார்கள்? கீழே நின்றவருக்குத் தெரியாது. நீதிபதி பட்கேயை மொத்தத்தில் நம்பத்தக்க சாட்சி என்றே எடுத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு எதிராக அவர் சொன்னதற்கு வேறு சான்று துணை நின்றது. சாவர்க்கருக்கு எதிராக நிற்கவில்லை. 1949 பிப்ரவரி 10இல் சாவர்க்கர் விடுதலை. நான் மேலே ஆள் ஆளாக என்று எழுதினேனே, அதன் பொருள் இதுதான்.

சாவர்க்கரின் மெய்க்காவலரும் செயலாளரும் 1948இலேயே போலீஸிடம் கொடுத்த வாக்குமூலங்கள் கோர்ட்டுக்கு வரவேயில்லை என்பது 1960களின் கடைசியில் கபூர் கமிஷன் பார்த்தபோதுதான் பெரிதாகப் பேசப்பட்டது. வந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா என்று சண்டை போட வேறு இடம் இருக்கிறது. இங்கே எனக்கு வேண்டியது ஒன்றுதான்: துணைச் சான்று இல்லை என்பது, இருந்ததை யாரும் எடுத்து வைக்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். பிங்லி விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராக எழுதியதை இது தளர்த்துகிறது. தனித் தட்டு சரிதான், ஆனால் அந்தத் தட்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

ஆகஸ்ட் 3

பாய் கோவலன் கதையை இழுக்கிறார். ரங்கூனில் எங்கள் கம்பைப் பக்கம் அதைக் கூத்தாகப் போடுவார்கள். திருடிய பொற்கொல்லனே சாட்சி, பாண்டியன் அவன் வாயை நம்பிக் கொன்றான், கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டினாள், முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்தது. சரிதான் பாய், உடந்தைச் சாட்சிக்குத் துணைச் சான்று கேட்காததால் ஒரு ஊரே எரிந்தது. 114ஆம் பிரிவை மதுரையில் யாரும் படிக்கவில்லை.

ஆகஸ்ட் 5

ஆங் சான் முதலானவர்களை அடக்கம் செய்த ஆசானி கல்லறை என்றதும் 1983ஐ நினைக்காமல் முடியாது. அக்டோபர் 9, தென் கொரிய அதிபர் மாலை வைக்க வர இருந்தார், கூரையில் வைத்த குண்டு வெடித்து 21 பேர் செத்தார்கள். வட கொரியாவிலிருந்து வந்த மூவரில் ஒருவர் பிடிபடும்போதே செத்தார். இருவர் கையெறி குண்டு வெடித்து உடம்பு சிதைந்த நிலையில் பிடிபட்டார்கள். ஒருவர் வாயே திறக்கவில்லை, அவரைத் தூக்கிலிட்டார்கள். காங் மின் சோல் என்பவர் எல்லாவற்றையும் சொன்னார், அவரைத் தூக்கிலிடவில்லை. 2008இல் கைதியாகவே நோயில் இறந்தார்.

பேசினால் உயிர், பேசாவிட்டால் கயிறு. இதைவிட அப்பட்டமான விலை இருக்க முடியாது. அப்படியானால் காங் சொன்னதை நம்பக் கூடாதா? என் பார்வையில் நம்பலாம். அவர் தன் அரசாங்கத்தைக் காட்டினார், திரும்பிப் போக இடமில்லாமல் செய்துகொண்டார். விலை வாங்கினார், கொடுக்கவும் செய்தார். அப்ரூவரிடம் என்ன கிடைத்தது என்று மட்டும் பார்க்காமல் என்ன இழந்தான் என்றும் பார்க்க வேண்டும் என்று இதனால் நினைக்கிறேன். பா நியுன் என்ன இழந்தார் என்பதை வைத்து அவரை எடை போட்ட யாரையும் நான் பார்த்ததில்லை. யாராவது செய்யலாம்.

ஆகஸ்ட் 6

"நே வின்தான் பின்னால் இருந்தார், எல்லாருக்கும் தெரியும்" என்று, 1962இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின் மேல் பழி போட்டு, ஒரே ஆள் மூன்று பெயரில் எழுதுகிறார். எல்லாருக்கும் தெரியும் என்பவர் ஒருவர் கூடக் கூண்டில் ஏறிச் சொல்லவில்லை. யார் பார்த்தார், எங்கே நின்று பார்த்தார், யாரிடம் முதலில் சொன்னார்? ஒன்றுக்காவது பதிலோடு வந்தால் பேசலாம். தம்பியின் தாத்தா வெற்றிலைக் கடையிலிருந்து அஞ்சு என்று எண்ணிச் சொன்னார். உம்மிடம் அதுகூட இல்லை.

நாளை ஆடி வெள்ளி, கோவிலில் பந்தி பரிமாறும் பொறுப்பு என் தலையில். சிங்கத்துக்குப் பதில் சனிக்கிழமைக்கு மேல்தான்.